சூரை மீனும் காசநோய் மாத்திரையும்

அந்தக் குழம்பை அன்றைக்கு ஐந்து பேர் சாப்பிட்டோம். முகம் சிவந்தது ஒருவருக்கு மட்டும்தான்.

புதுச்சேரியில் மாமா வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமாவுக்குக் காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம். இருமல் குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. "வாய்க்கு ருசியா மீன் வேணும்"னு அவரே கேட்டதால் அத்தை சூரை மீன் குழம்பு வைத்திருந்தார். பதினொரு மணிக்கு மேல் தெருவில் கூடையில் வந்த மீன்.

சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மாமாவின் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. கண் சிவந்தது. தலை வெடிக்கிற மாதிரி வலி, நெஞ்சு படபடப்பு, சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. மாரடைப்போ என்று பயந்து ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ஓர் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"மீன் அலர்ஜி. இனிமே மீனே வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா அதை நம்பவில்லை. "பொறந்ததுலேருந்து மீன் தின்னு வளர்ந்த உடம்புடா இது. மீன் என்னை என்ன பண்ணும்? எல்லாம் இந்த மாத்திரையோட சூடு" என்றார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரியவந்தபோது பதினொரு நாள் ஓடிவிட்டது.

காசநோய் மருந்தை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பது இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிருமி முழுதாகச் சாவதற்குள் மருந்து நின்றால் நோய் திரும்பலாம். திரும்பி வருகிற கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்கலாம். ஒரு தட்டு மீன் குழம்பு மாமாவை அந்த விளிம்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. நல்லவேளை, மறுபடி மாத்திரை தொடங்கி, கெடு நீட்டி, முழுதாக முடித்தார்.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. அதே மீன், அதே சட்டி. அவருக்கு மட்டும் ஏன்? நான் பார்ப்பது மென்பொருள் வேலை. தனித்தனியாகச் சோதித்தால் ஒழுங்காக ஓடும் இரண்டு நிரல்கள், சேர்த்து ஓட்டினால் கவிழ்வதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பேன். மீனும் சரி, மாத்திரையும் சரி என்றால், கோளாறு இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கணும் என்று தோன்றியது. தேட ஆரம்பித்தேன். பதில், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நாற்பது வருஷத்துக்கும் முன்பே அச்சாகிக் கிடந்தது.

இலங்கை டாக்டர்கள் கண்டது

வெலிசர, கொழும்புக்கு வடக்கே இருக்கிற ஊர். அங்குள்ள மார்புநோய் மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர் சி. ஜி. உரகொட. பிற்காலத்தில் இலங்கை மருத்துவத்தின் வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதியவரும் இவரே. 1977இல் இவரும் மருந்தியல் பேராசிரியர் எஸ். ஆர். கோட்டேகொடவும் சேர்ந்து 'டியூபர்க்கிள்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து எடுக்கிறவர்கள் சில மீன்களைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்து துடிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். மீன்? சிங்களத்தில் பலயா. நம்ம சூரை. யாழ்ப்பாணத்துச் சமையலில் தவிர்க்க முடியாத மாசிக் கருவாடு செய்வதும் இந்த வகை மீனில்தான்.

மறு வருஷமே, 1978இல், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் சேனநாயக்க, வைரவநாதன் முதலிய டாக்டர்கள் இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவரும் ஐசோனியாசிட் எடுத்தவர். சூரை மீனால் வந்த இதே கோளாறைத் தொடர்ந்து அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. 1980இல் உரகொட, சூரை இன மீன்களைச் சாப்பிட்ட காசநோயாளிகளைப் பற்றி அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் மறுபடி எழுதினார். 1981இல் சேனநாயக்கவும் வைரவநாதனும் சூரை இனத்தின் வேறொரு மீனை வைத்து எழுதினார்கள்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவின் ஞாயிற்றுக்கிழமை, ஒரு வரி பிசகாமல், நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாடியே எழுதப்பட்டிருந்தது.

சட்டிக்குள் நடப்பது

சூரையின் சதை சிவப்பு. அதில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. மீன் செத்து, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியா சதைக்குள் பெருகி, ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கிற அதே பொருள்தான் இந்த ஹிஸ்டமின். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு அலர்ஜி மாதிரியே தெரிகிறது. ஆனால் இது அலர்ஜி இல்லை. உடம்பு மீனை எதிர்க்கவில்லை, வெளியிலிருந்து வந்த ஹிஸ்டமின் நேராக வேலையைக் காட்டுகிறது.

இதில் ஏமாற்றுகிற சங்கதிகள் இரண்டு. ஒன்று, ஹிஸ்டமின் நெருப்புக்கு அஞ்சாது. பாக்டீரியா கொதியில் சாகும், அது செய்துவைத்த ஹிஸ்டமின் அப்படியே நிற்கும். வறுத்தாலும், குழம்பில் கொதித்தாலும், உப்புப் போட்டுக் காயவைத்தாலும் போகாது. இரண்டு, நாற்றம் எடுக்கும் முன்பே அது சேர்ந்துவிடலாம். "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்ற அத்தையின் வாக்குமூலம் பொய்யில்லை.

சாதாரணமாக, கொஞ்சம் ஹிஸ்டமின் உள்ளே போனால் குடலில் காவல் நிற்கிற டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். நாங்கள் நாலு பேரும் தப்பித்தது அப்படித்தான். ஐசோனியாசிட் இந்தக் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கதவு திறந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமின்கூட மாத்திரை எடுக்கிறவரைத் தூக்கிப் போடுகிறது. ஹிஸ்டமின் ரொம்ப அதிகமாகிவிட்டால் மாத்திரையே எடுக்காதவர்களுக்கும் இதே நிலைதான். சர்வதேச உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று எல்லை போட்டிருப்பது அதனால்தான்.

மாமாவின் குழம்பை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை, ஆகவே இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நேரம், அறிகுறி, மீன், மருந்து நாலும் அச்சில் பொருந்துகின்றன.

சீஸும் ஒரு கணவரின் கடிதமும்

இந்தக் கதைக்கு ஓர் அண்ணன் கதை உண்டு. ஐசோனியாசிட்டை முதலில் செய்தவர்கள் பிராக் நகரத்தில் மேயர், மாலி என்ற இரண்டு வேதியியலாளர்கள், 1912இல். அது எதற்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் தூங்கிக் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் ரோஷ், ஸ்குவிப், பேயர் என்ற மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக அது காசநோய்க் கிருமியைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தன. நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அங்கே ஐசோனியாசிட்டின் தம்பி மாதிரியான ஐப்ரோனியாசிட் என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதை எடுத்தவர்களுக்கு ஓர் இனம்புரியாத உற்சாகம் வந்தது. அந்த உற்சாகத்தைப் பிடித்துக்கொண்டு போனதில், மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளில் ஒன்று 1957இல் கிடைத்தது. மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியைக் கட்டிப்போடுகிற இந்த வகை மருந்துகள் பிறகு வரிசையாக வந்தன.

கொஞ்ச நாளில் அவற்றை எடுத்த சிலருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி மண்டை பிளக்கிற வலி வந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. பிரிட்டனில் நாட்டிங்ஹாம் ஊரில் ரோ என்று ஒரு மருந்தாளர். அவர் மனைவி இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். சீஸ் சாப்பிடும்போதெல்லாம் மனைவிக்குத் தலைவலி வருவதைக் கவனித்து, ரோ ஒரு கடிதம் எழுதினார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் இளம் டாக்டர் பாரி பிளாக்வெல் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 1963இல் 'லான்செட்' இதழில் எழுதினார். சீஸ் பழுக்கும்போது பாக்டீரியா, டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரமினாக மாற்றுகிறது. அதைச் சிதைக்க வேண்டிய நொதியை மருந்து முடக்கிவிடுகிறது. மீன் கதையின் அதே வாய்பாடு, பெயர்கள் மட்டும் வேறு.

இலங்கை டாக்டர்களும் சரி, நாட்டிங்ஹாம் கணவரும் சரி, செய்தது ஒரே காரியம். "என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்வியை விடாமல் பிடித்தார்கள்.

சானடோரியத்தோடு போனது

அப்புறம் ஏன் அந்தக் கேள்வி நம்ம ஊரில் கேட்கப்படவில்லை? இதற்கான விடையில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவும் சென்னை செய்த மிகப் பெரிய நல்ல காரியம் ஒன்றின் பக்கவிளைவாக.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிறுத்தம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. ஓய்வு, காற்று, பால், முட்டை, கறி: அன்றைய வைத்தியம் இதுதான். மருந்து வந்த பிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்குச் சானடோரியம் கட்டில் எந்தக் காலத்திலும் போதாது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு நாலும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமையில் ஒரு கேள்வியை நேராகச் சோதித்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பது, மறுபாதிக்கு அதே மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே விடுவது. மருந்து, ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற இன்னொன்றும். 1959இல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, அதற்கு நடுவிலும் மருந்து வேலை செய்தது. சானடோரியம் சாப்பாடு அளவிலும் சத்திலும் மேல்தான், ஆனால் குணமாவதை முடிவு செய்தது மருந்துதான் என்று தொடர்ந்து வந்த கட்டுரைகள் காட்டின.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். லட்சக்கணக்கான ஏழைகள் வேலையையும் குடும்பத்தையும் விடாமல் குணமானது இதனால்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சானடோரியத்தில் நோயாளியின் தட்டையும் மாத்திரையையும் ஒரே நர்ஸ் பார்ப்பார். சாப்பிட்ட பிறகு முகம் சிவந்தால் அதையும் அவரே பார்ப்பார். நோயாளி வீட்டுக்குப் போனதும் இந்தப் பார்வை இரண்டாக உடைந்தது. மாத்திரை டாக்டரின் கணக்கில், தட்டு அத்தையின் கணக்கில். டாக்டருக்குக் குழம்பில் என்ன மீன் என்று தெரியாது. அத்தைக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. மாமாவின் ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது.

பத்தியம் என்ற பழைய சொல்

நம் பாட்டிமார்களிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது: பத்தியம். சித்த வைத்தியத்தில் மருந்தோடு சேர்ந்தே சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வரும். கடும்பத்தியம், இச்சாபத்தியம் என்று அதில் தரம்கூட உண்டு. "இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது, எதை வேணாலும் திங்கலாம்" என்பது எங்கள் தெருவில் ரொம்ப நாளாக ஓடுகிற வாசகம். அலோபதியின் பெரிய சவுகரியமாக அதைச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் எடுத்தால்தான் ஒழுங்காகச் சேரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கிறவர் ஒரு வாரம் கீரையே தொடாமல் மறுவாரம் தினமும் முருங்கைக்கீரை தின்றால் மருந்தின் அளவு குளறுபடியாகும். பம்பளிமாஸின் சொந்தக்காரப் பழமான கிரேப்ஃப்ரூட், சில ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும்.

அதற்காகப் பழைய பத்தியம் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. பத்தியத்தின் கெட்ட குணம் அது பரவும். சூரை வேண்டாம் என்று ஆரம்பித்து, மீனே வேண்டாம், முட்டை வேண்டாம், கறி சூடு என்று போய், கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்கும். காசநோயாளிக்கு அது ஆபத்து. 2023இல் 'லான்செட்' குழும இதழ்களில் ஜார்க்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் வந்தன. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் சில வாரங்களில் எடை கூடிய நோயாளிகளில் இறப்பும் குறைவாக இருந்தது. இந்த ஆய்விலும் சென்னை நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 1959இல் தள்ளிவைத்த தட்டை அதே நிறுவனம் அறுபது வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துவைத்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு கொடுக்கிற பணம் 2018இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. கடலோரத்தில் அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற நல்ல புரதம் மீன்தான். "மீனே வேணாம்" என்று ஒரே போடாகச் சொல்வது அதையும் பிடுங்குவதாகும்.

ஆகவே சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஐசோனியாசிட் எடுக்கிற வரை சூரையைத் தவிர்ப்பது நல்லது. கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி, ஏன் வஞ்சிரம்கூட, பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்த மீனாக இருக்கணும், வாங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகணும். சந்தேகம் இருந்தால் சங்கரா, கொடுவா மாதிரி வெள்ளைச் சதை மீன் வாங்கலாம், அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. நாள்பட்ட சீஸுக்கும் இதே எச்சரிக்கை உண்டு, ஆரோவில் பக்கம் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சாப்பிட்டதும் முகம் சிவந்து தலை வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள் கழித்து, இந்தக் கட்டுரைகளையெல்லாம் அவருக்குத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் ஏண்டா மாத்திரையை நிறுத்துறேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சூரை குழம்பு இப்போதும் அந்த வீட்டில் உண்டு. அத்தை மட்டும் தெருவில் வாங்குவதில்லை. விடிகாலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மாமாவையே அனுப்புகிறார், கையில் ஐஸ் போட்ட ஒரு டப்பாவோடு.